பெருங்குடலை எடுத்த பிறகு மலம் தண்ணீராகப் போகிறதா?

பெருங்குடலின் முக்கிய வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான், அதை எடுத்துவிட்டால் மலம் இளகிப் போவது இயல்பு. பழைய மாதிரி கெட்டியாக வரும் என்று காத்திருக்காதீர்கள். பற்பசை பதம், இல்லையென்றால் கூழ் பதம் வந்தாலே போதும்.

குழைய வேகவைத்த வெள்ளைச் சாதம், ஜவ்வரிசிக் கஞ்சி, மசித்த உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் மலத்தை இறுக்கும். பழச்சாறு, குளிர்பானம், காரக் குழம்பு இளக்கிவிடும் (மிளகாய்ப்பொடியைக் கொஞ்ச நாள் மறந்துவிடுங்கள், கஷ்டம்தான்).

பலரும் தவறு செய்வது தண்ணீரில். தாகம் என்று சொம்பு சொம்பாக வெறும் தண்ணீரைக் குடித்தால், அது உடம்பிலுள்ள உப்பையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும், தாகமும் தீராது. அதற்குப் பதில் ஓஆர்எஸ் (உப்பும் சர்க்கரையும் கலந்த பொடி) பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைத்து, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நீர் குறைகிறது என்று அர்த்தம்.

டாக்டர் லோபரமைடு (மலத்தை இறுக்கும் மருந்து) எழுதியிருந்தால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே போடுங்கள், சாப்பிட்ட பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது.

அப்புறம், மலம் அடியோடு நின்று, வயிறு உப்பி, வலியோடு வாந்தியும் வந்தால் ‘நன்றாக இறுகிவிட்டது’ என்று சந்தோஷப்படாதீர்கள். அது அடைப்பாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.