கைக்குழந்தைக்கு வீட்டிலேயே காய்ச்சல் பார்ப்பது எப்படி?

நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்து, உடம்பு சுடுகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவது எல்லா வீடுகளிலும் உள்ள பழக்கம். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு அது போதவே போதாது. அந்த வயதில் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், குழந்தை நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தாலும் இரவு பகல் பாராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். ஆகவே அந்த எண்ணைச் சரியாக அறிவது மிகவும் முக்கியம்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தால் போதும். பாதரசம் உள்ள பழைய கண்ணாடி தெர்மாமீட்டர் வீட்டில் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டாம். உடைந்தால் பாதரச ஆவி குழந்தையின் மூச்சில் கலந்துவிடும். காதில் வைத்துப் பார்க்கும் கருவியும் ஆறு மாதம் வரை ஏற்றதல்ல, ஏனெனில் காதுத் துளை மிகக் குறுகலாக இருப்பதால் அளவு பிழையாக வரலாம்.

குளிப்பாட்டிய உடனேயோ, கனத்த துணியில் சுற்றி வைத்திருந்த உடனேயோ பார்த்தால் அளவு மாறிக் காட்டும் என்பதால், போர்வையை நீக்கி இருபது நிமிடம் பொறுத்திருங்கள். பிறகு சட்டையைக் கழற்றி, அக்குளில் வியர்வையோ ஈரமோ இருந்தால் மெல்லத் துடைத்து, தெர்மாமீட்டரின் முனை துணியில் படாமல் தோலோடு ஒட்டும்படி அக்குளின் நடுவில் வையுங்கள். குழந்தையை மடியில் அணைத்துக்கொண்டு, அதன் கையை மார்போடு சேர்த்து, பீப் ஒலி கேட்கும்வரை பிடித்திருங்கள். பெரும்பாலும் தவறு நேர்வது இந்த இடத்தில்தான்: குழந்தை கையை உதறும்போது முனை நழுவிவிடுகிறது, அப்போது வரும் குறைந்த எண்ணை நம்பி நாம் நிம்மதியடைந்துவிடுகிறோம். நழுவியதாகத் தோன்றினால் தயங்காமல் மறுபடியும் பாருங்கள்.

அக்குளில் வரும் அளவு உடலின் உள்வெப்பத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். அங்கே 99 பாரன்ஹீட்டைத் தாண்டினால், சின்னஞ்சிறு குழந்தைக்கு ஆசனவாயில் பார்த்து உறுதிசெய்வதே துல்லியமான வழி. முனையில் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, அரை அங்குலத்துக்கு மேல் போகாமல் நுழைத்து, குழந்தை அசையாதபடி பிடித்துக்கொள்ள வேண்டும். தடை தென்பட்டால் அழுத்தாமல் நிறுத்திவிட வேண்டும். இதைச் செய்யக் கை தயங்கினால் அக்குள் அளவோடு மருத்துவரை அழைப்பதே நல்லது. ஆசனவாய்க்கென்று தனி தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவுங்கள்.

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தையின் வெப்பம் 36 செல்சியஸுக்குக் கீழே இறங்குவதும் காய்ச்சலைப் போலவே அபாயக் குறிதான். பார்த்த நேரம், உடலில் பார்த்த இடம், வந்த எண் மூன்றையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைத்து மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அவர் சொல்லாமல் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள்.