கோழி வாங்கும் முன் 15 நாள்: வெறும் இடத்தை வைத்து ஒரு சோதனை

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாயை ஒட்டினாற்போல எங்கள் வீடு. புறவாசலில் கோழி மேய்வதைப் பார்த்துவிட்டு, "நாங்களும் நாலு கோழி வாங்கி விடலாமா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. உடனே வாங்கிவிடாதீர்கள் என்பேன். முதலில் 15 நாள், கோழி இல்லாமலே கோழி வளர்த்துப் பாருங்கள்.

படி 1: சாம்பல் பரப்புங்கள்

கூடு வைக்க நினைக்கும் இடத்தைச் சுற்றி, பொழுதடைந்ததும் இரண்டடி அகலத்துக்குச் சலித்த அடுப்புச் சாம்பலோ பொடிமணலோ பரப்புங்கள். விடிந்ததும், காக்கா இறங்கும் முன், போய்க் குனிந்து பாருங்கள். நாய்த்தடத்தில் நாலு விரலும் நகமும் பதிந்திருக்கும். பூனைத்தடத்தில் நகம் தெரியாது. பூனை அளவுத் தடத்தில் ஐந்து விரல் இருந்தால் மரநாய். வளைந்து போகும் ஒற்றைக் கோடு பாம்பு. பனையும் தென்னையும் நிற்கிற இடமென்றால் மரநாயை எதிர்பார்த்தே இருங்கள்.

கீரி இந்தச் சாம்பலில் அநேகமாகச் சிக்காது, அது பகலில் வருவது. காலையிலும் சாயங்காலமும் வேலியோரம், வாய்க்கால் பொந்துப் பக்கம் கண் வையுங்கள். அது நடமாடுகிற இடத்தில், வீட்டில் ஆள் இல்லாத பகலில் கோழியைத் திறந்துவிடக் கூடாது. பருந்து, வல்லூறு, காக்கா மூன்றும் பெரும்பாலும் குஞ்சைத்தான் குறிவைக்கும். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் குஞ்சு வாங்க வேண்டாம், நாலைந்து மாத வெடக்கோழியாகப் பாருங்கள்.

மரநாய்க்கு விஷம் வைக்கவோ பொறி வைக்கவோ போகாதீர்கள். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது வரும். நம் கையில் இருப்பது கூடும் கொண்டியும்தான்.

படி 2: கொண்டி போட ஆள் யார்?

தினமும் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறரைக்கும் அந்த வெறும் இடத்தில் போய் நில்லுங்கள். போய் நின்ற நாளைக் காலண்டரில் குறியுங்கள். 15 நாளில் இரண்டு மாலைக்கு மேல் தவறினால், உங்களுக்குப் பதிலாக வந்து சாத்த ஒருவர் கிடைக்கும்வரை கோழி வேண்டாம்.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் தென்காசியில் ஒரு கல்யாணம். பக்கத்து வீட்டு மதினியிடம் கூட்டைச் சாத்தச் சொல்ல மறந்துபோனேன். திரும்ப இரவு பத்தாகிவிட்டது. கோழிகள் நேரத்துக்குத் தாமாகவே ஏறி அடைந்திருக்கின்றன, கதவுதான் திறந்து கிடந்தது. ஆறில் ஐந்து கழுத்து கடிபட்டுக் கிடந்தன, ஒன்றை இழுத்துப் போயிருந்தது. செவலைப் பெட்டையைத் தூக்கினேன். மேய்ந்து வந்த கம்பு இரைப்பையில் அப்படியே, கல்லுப்போலக் கையில் தட்டுப்பட்டது.

"ஊருக்குப் போனா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க தம்பி, நான் வந்து கொண்டியப் போட்டுருதேன்" என்றார் மதினி. அன்றிலிருந்து சொல்லாமல் வாசல் தாண்டியதில்லை.

படி 3: கூடு

நாலு கோழிக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம் போதும். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கால் வைத்துத் தூக்குங்கள். கடையில் 'கோழி வலை' என்று தரும் அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தும், நாய் பிய்த்துவிடும். அரை இஞ்சுக் கண்ணுள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பி வலை) கேட்டு வாங்குங்கள். காசு கூடத்தான், ஆனால் இந்த ஒரு செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். தாழ்ப்பாளோடு ஒரு கொண்டியும் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூரை சரிந்திருக்கட்டும். வெறும் பஞ்சாரத்தை வெளியில் கவிழ்த்து இரவைக் கழிக்க நினைக்காதீர்கள், நாய் புரட்டிவிடும்.

படி 4: முட்டைக் கணக்கு

நாட்டுக்கோழி ஆறு மாத வாக்கில் முட்டையிடத் தொடங்கும். தொடர்ச்சியாக 12, 15 முட்டை இட்டதும் கேறிக்கொண்டு அடைக்கு உட்காரும். அடை வைத்தால் குஞ்சு பொரிக்க 21 நாள். ஆகப் பெட்டை ஒன்றுக்கு வருஷம் 60 முதல் 80 முட்டை எதிர்பார்க்கலாம். தீவனம் ஒரு கோழிக்கு நாளைக்குச் சுமார் 100 கிராம், மேய்ச்சல் இருந்தால் குறையும். முட்டைக்காக மட்டும் என்றால் கடையில் வாங்குவதே லாபம். சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், சேவல் வாங்கும் முன் பக்கத்து வீட்டு விடியற்காலைத் தூக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

மரநாய்க்குத் தப்பினாலும் வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூடே காலியாகும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி எப்போது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். திருநெல்வேலிக்கு அருகில் இருப்பவர்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

படி 5: கொண்டுவந்த முதல் வாரம்

வாங்கி வந்த கோழியை ஒரு வாரம் கூட்டுக்குள்ளேயே வைத்துத் தீனியும் தண்ணீரும் கொடுங்கள். எட்டாம் நாள், பொழுதடைய அரை மணி நேரம் இருக்கும்போது கதவைத் திறங்கள். தூரம் போக நேரமிருக்காது. இருட்டு கட்டும்போது ஒவ்வொன்றாகத் திரும்பி ஏறும். எண்ணிப் பார்த்துவிட்டுக் கொண்டியைப் போடுங்கள்.