ஸ்டார் லைட்டுக்கு வெளிய ஒரு பிளக் பாயிண்ட் போட

டிசம்பர்ல கிறிஸ்துமஸ் வந்தா நம்ம குமரி மாவட்டத்துல குளச்சல், மார்த்தாண்டம்னு எங்க பாத்தாலும் ஸ்டாரும் குடிலும்தான், ஆனா கரண்டு எங்கேருந்து எடுக்காங்கன்னு பாருங்க, ஹால் பிளக்ல சொருகி ஜன்னல் வழியா ஒரு ஒயர், அதுல ரெண்டு இடத்துல டேப் சுத்தி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஈரத் தரையில கிடக்கும். மழையும் அந்த மாசம் விட்டுப் போகாது. இதுக்கு நிரந்தரமா வெளிய ஒரு பாயிண்ட் போட்டுருங்க, லைசென்ஸ் உள்ள வயர்மேன வச்சு செய்யுங்க, ஆனா என்ன செய்யணும்னு நமக்கும் தெரிஞ்சிருக்கணும்.

மொதல்ல மெயின் போர்டுல 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்டு லீக் ஆனா உடனே லைன கட் பண்ற ஸ்விட்ச், இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அத போட்டுட்டுதான் மத்ததெல்லாம். போர்டுல இருக்க சின்ன ட்ரிப் ஸ்விட்ச், அந்த எம்சிபி, ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், ஈரக்கையோட தொட்டு ஷாக் அடிச்சா அது காப்பாத்தாது.

இடம் சன்ஷேடுக்கு அடியிலயோ சிட்டவுட் சுவர்லயோ பாருங்க, மழை நேரா அடிக்காத பக்கம். அதே சுவருக்கு உள்பக்கம் ஏற்கனவே ஒரு பிளக் இருந்தா ரொம்ப லேசு, அதுலேருந்தே எடுத்துக்கிடலாம். சுவர்ல தொளை போடும்போது வெளிப்பக்கம் லேசா தாழ்ந்து இருக்கட்டும், இல்லன்னா தண்ணி உள்ள வந்து போர்டுல இறங்கிரும். பைப் போட்டு சுத்தி சிலிகான் அடைங்க.

பாக்ஸ் ஐபி65 வாங்குங்க, தூசியும் பீச்சுற தண்ணியும் உள்ள போகாத தரம் அது. இதுல ஒரு விஷயம், சில பாக்ஸ்ல பிளக் சொருகினா மூடி மூடாது, அப்புறம் ஐபி65 இருந்து என்ன பிரயோஜனம்? பிளக் உள்ள இருக்கும்போதே மூடுற ஆழமான மூடி, ஒயர் கீழ வழியா இறங்குற மாதிரி இருக்கணும். முட்டம், கடியப்பட்டணம் மாதிரி கடல் பக்கத்து வீடுன்னா ஸ்க்ரூ கண்டிப்பா ஸ்டெயின்லெஸ்ஸா இருக்கட்டும், மத்ததெல்லாம் உப்புக்காத்துல சீக்கிரம் துருப்பிடிச்சிரும்.

6 ஆம்ப் பாயிண்டே தாராளம், 230 வோல்ட்டுக்கு 1380 வாட் வரை தாங்கும், எல்இடி செட்டெல்லாம் எவ்வளவு இழுக்கப் போகுது. 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், பச்சை எர்த் ஒயர விட்டுராதீங்க. ஸ்விட்ச் வீட்டுக்குள்ள வச்சிட்டா ராத்திரி மழையில வெளிய இறங்க வேண்டாம்.

மெயின ஆஃப் பண்ணா போதும்னு நினைக்காதீங்க, இன்வெர்ட்டர் லைன்ல அப்பவும் கரண்டு இருக்கும், அதையும் ஆஃப் பண்ணி டெஸ்டர் வச்சு பாத்துட்டுதான் கை வைக்கணும். இன்வெர்ட்டர் லைன்லேருந்து ஃபேஸும் வேற லைன்லேருந்து நியூட்ரலும் எடுத்துட்டா ஆர்சிசிபி சும்மா சும்மா விழுந்துட்டே இருக்கும், சவம் என்ன ஃபால்ட்னே பிடிபடாது, அதனால ரெண்டையும் ஒரே லைன்ல எடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன அமுக்கிப் பாருங்க, உடனே விழணும். ஜனவரி 6, மூணு ராசாக்கள் திருநாள் கழிஞ்சு ஸ்டார இறக்கினதும் உள்ள ஸ்விட்ச ஆஃப் பண்ணி மூடிய இறுக்கி விட்டுருங்க, அடுத்து வீட்டுல கல்யாணத்துக்கு எல்இடி சீரியல் லைட் போடணும்னாலும் அந்த பாயிண்டே போதும்.