தட்டுவடை செட் பார்சல் அளவுக்கு ஒரு முதலுதவிப் பை

காப்பித் தோட்டங்களில் புல் வெட்டும் பிரஷ் கட்டர் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு, வாரத்தில் மூன்று நாளாவது பைக்கில் ஏறி இறங்குவேன். பைக்கின் சைடு பாக்ஸில் பெரிய முதலுதவிப் பெட்டி ஒன்றும் வைத்திருந்தேன். டெட்டால், பஞ்சு, தலைவலி மாத்திரை, அரை டஜன் களிம்பு என்று எல்லாம் உண்டு. ஒரு நாள் தோட்டத்துச் சரிவில் பிளேடு ஒருவர் காலில் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது. பெட்டி கேட் பக்கத்தில் பைக்கில் கிடக்கிறது, நாங்கள் மேலே சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நிற்கிறோம். அன்று கைக்குக் கிடைத்தது என் தோள் துண்டுதான், அதை வைத்துத்தான் அழுத்திப் பிடித்தோம். நல்லவேளை, தையலோடு போயிற்று. மறுநாளே பெட்டியை வீட்டு அலமாரியில் வைத்துவிட்டு, உடம்பை விட்டுப் பிரியாத சின்னப் பை ஒன்று தயார் செய்ய ஆரம்பித்தேன்.

அளவு முக்கியம். ஐந்து ரோட்டில் தட்டுவடை செட் பார்சல் வாங்கினால் ஒரு பொட்டலம் தருவார்களே, அதைவிடப் பெரிதானால் பத்தாவது நாள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவீர்கள். அதனால் உள்ளே எதை வைப்பது என்பதைவிட எதை விடுவது என்றுதான் யோசிக்க வேண்டும். காய்ச்சல், வயிற்றுவலி எல்லாம் மெடிக்கல் போகும் வரை காத்திருக்கும். ரத்தம் காத்திருக்காது. பெரிய ஆள் உடம்பிலேயே சுமார் 5 லிட்டர்தான் ரத்தம், தொடையில் பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். 108 வண்டி எவ்வளவு வேகமாக மலை ஏறினாலும் அந்தச் சில நிமிடம் நம் கையில்தான். ஆகவே பை முழுக்க ரத்தத்தை நிறுத்துவதற்கு மட்டும்.

முதலில் டூர்னிகெட். கை காலைச் சுற்றி மாட்டி, குச்சியைத் திருகி இறுக்கும் பட்டை. ரத்தப் பரிசோதனைக்குக் கையில் கட்டுவார்களே ரப்பர், அது இதற்கு உதவாது. நான் முதலில் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு ஒன்று வாங்கி, வீட்டில் தொடையில் மாட்டிப் பழகினேன், மூன்றாவது திருகில் குச்சி படக்கென்று உடைந்தது. பெயர் பெற்ற மாடல்களுக்கு அச்சு அசலாகப் போலி வருகிறது. ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் சப்ளை செய்யும் கடையில் விசாரித்து, விலை கூடினாலும் அசலை வாங்குங்கள். பழகுவதற்கு வேறு ஒன்றை ஒதுக்குங்கள். தினமும் திருகித் தேய்ந்ததை அவசரத்துக்கு நம்பக்கூடாது.

மாட்டும் முறை: காயத்துக்கு 2, 3 அங்குலம் மேலே, அதாவது இதயம் இருக்கும் பக்கம். மூட்டிலேயே மாட்டக்கூடாது, அந்த இடம் முழங்காலிலோ முழங்கையிலோ விழுந்தால் மூட்டைத் தாண்டி மேலே போங்கள். காயம் எங்கே என்றே தெரியாதபடி ரத்தம் கொட்டினால் பேண்ட்டின் மேலேயே எவ்வளவு உயரத்தில் முடியுமோ அங்கே மாட்டலாம், ஆனால் பாக்கெட்டில் சாவி, போன் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். ரத்தம் நிற்கும் வரை திருகி, குச்சியைக் கொக்கியில் பூட்டுங்கள். நன்றாக வலிக்கும், ஆள் கத்துவார், உங்களைத் திட்டக்கூடச் செய்வார். பாவம் பார்த்துத் தளர்த்தாதீர்கள். மாட்டிய நேரத்தை மார்க்கரால் பட்டையிலோ அவர் நெற்றியிலோ எழுதுங்கள். அதை அவிழ்ப்பது டாக்டர் வேலை. இன்னொன்று, மலையில் இருப்பதால் சொல்கிறேன்: பாம்புக் கடிக்கு இதை மாட்டவே கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதுதான் சரி.

இரண்டாவது காஸ் துணி, காயத்துக்குக் கட்டுவார்களே வலை மாதிரி மெல்லிய துணி, அதுதான். இடுப்பு மடிப்பிலும் அக்குளிலும் பட்டை மாட்ட வழியில்லை, அங்கே துணியைக் காயத்துக்குள்ளேயே திணிக்க வேண்டும். கேட்கவே ஒரு மாதிரியாக இருக்கும், ஆனால் மேலே துணியைப் போர்த்தி வைப்பதால் உள்ளே கொட்டுகிற ரத்தம் நிற்காது. விரலால் ரத்தம் வரும் இடத்தைத் தேடி, அங்கிருந்து ஆரம்பித்துக் குழி நிறையும் வரை திணித்து, இரண்டு கையாலும் உடம்பு எடையைப் போட்டு 10 நிமிடம் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்க்கும் ஆசையை அடக்குவதுதான் இதில் கஷ்டமான பகுதி. ரத்தத்தை உறையவைக்கும் மருந்து ஏற்றிய துணியும் உண்டு. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானில் நம் நாட்டிலேயே ஆக்ஸியோஸ்டாட் என்று செய்கிறார்கள். பணம் இருந்தால் ஒன்று சேருங்கள், இல்லாவிட்டால் சாதா காஸும் அழுத்தமும் போதும். நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் எதையும் திணிக்காதீர்கள். கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் பிடுங்காதீர்கள், ஆடாமல் சுற்றிலும் துணி கொடுத்துக் கட்டுங்கள். சானிட்டரி நாப்கின் போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது ரத்தத்தை உறிஞ்சும், நிறுத்தாது.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். திணித்ததன் மேல் இறுக்கிச் சுற்ற 10 சென்டிமீட்டர் அகலக் கிரேப் பேண்டேஜ், எந்த மெடிக்கலிலும் கிடைக்கும். நைட்ரைல் கையுறை ஒரு ஜோடி, துணியை வெட்ட முனை மழுங்கிய கத்தரி, மார்க்கர், சிராய்ப்புக்கு இரண்டு பிளாஸ்டர். காஸ் பாக்கெட்டைப் பிரிக்காமல் தட்டையாக அழுத்தி ஜிப்லாக் கவரில் போடுங்கள். ரத்தக் கையோடு வழுக்கும் என்பதால் கவர் ஓரத்தில் டேப்பை மடித்து ஒரு வால் விட்டு வையுங்கள்.

சரி, எங்கே வைப்பது? பேண்ட் போடும் நாளில் பெல்ட்டில் மாட்டும் மொபைல் பவுச், சட்டையை வெளியே விட்டால் தெரியாது. வேட்டி கட்டும் நாளில் பழைய பச்சை பெல்ட்டுக்கு இணை கிடையாது. பர்ஸ் வைக்கும் அறையில் காஸும் கையுறையும் போய்விடும், பட்டையை மட்டும் மடித்துப் பக்கத்து அறையில் செருக வேண்டும். (என் மாமனார் அதில் சீட்டுப் பணம் இருப்பதாக நினைக்கிறார்.) பெண்கள் கைப்பையின் வெளி ஜிப்பில் வைக்கலாம், அடியில் புதைத்தால் எடுக்க நேரமாகும். சாப்பாட்டுப் பையும் மஞ்சப்பையும்கூட நல்ல மறைவிடம்தான். கணுக்காலில் கட்டுகிற சின்னப் பையும் வாங்கிப் பார்த்தேன், சேலத்து வெயிலில் வியர்த்து அரிப்பு வந்ததுதான் மிச்சம். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும் வேண்டாம், மே மாதச் சூட்டில் கையுறை ஒட்டிக்கொள்கிறது, டேப் பசை இளகிவிடுகிறது. நான் ஒவ்வொரு வெயில் காலம் முடிந்ததும் இரண்டையும் மாற்றிவிடுவேன்.

ராணுவப் பச்சையில் பட்டைகள் தொங்கும் பை வேண்டாம். டீக்கடையில் நாலு பேர் "என்ன சார், போலீஸா?" என்று கேட்பார்கள். சிவப்புச் சிலுவை ஸ்டிக்கரும் ஒட்டாதீர்கள், 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைச் சட்டப்படி அனுமதியில்லாமல் அந்தச் சின்னத்தைப் பயன்படுத்தக்கூடாது.

பை இருந்தும் கிட்டே போகப் பலருக்குப் பயம், கேஸ், கோர்ட், அலைச்சல் என்று. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு, விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயரைச் சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவசம். 108க்குப் போன் செய்யும்போது ஏற்காடு ரோடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அடிவாரம் வழியா, குப்பனூர் வழியா, எத்தனையாவது வளைவு, ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா என்று சொல்லுங்கள்.

அப்புறம், பழகுங்கள். ஒரு கையால், கண்ணை மூடி, உட்கார்ந்தபடி. அடிபடுவது நீங்களாகவும் இருக்கலாம் என்பதால் பை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கூட வருகிறவருக்குக் காட்டி வையுங்கள். என்னோடு வேலைக்கு வரும் தம்பிக்கு, நான் பேசாமல் கிடந்தாலும் இடது இடுப்பில் கை வைக்க வேண்டும் என்று தெரியும்.