கனத்த வெண்மலர் மணத்தைச் சிங்கப்பூர் வெப்பத்தில் தேர்ந்தெடுப்பதும் பூசுவதும்

மல்லிகை, நிலசம்பங்கி, கார்டீனியா, ஆரஞ்சுப் பூ ஆகியவற்றை மையமாகக் கொண்ட வாசனைத் திரவியங்களை வெண்மலர் வகை என்பர். இவ்வகையில் மனம் பறிகொடுத்தவர்களும் உண்டு. தலைவலி என்று மூக்கைப் பொத்திக்கொள்பவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே. இப்பூக்கள் பலவற்றில் இண்டோல் என்னும் சேர்மம் இயல்பாகவே இருக்கிறது; செறிவாக இருந்தால் மலநாற்றத்தையும் பாச்சை உருண்டையையும் நினைவூட்டும் அப்பொருள், மிகச் சிறிய அளவில் பிற மணங்களோடு கலந்திருக்கும்போது பூவுக்கு உயிரோட்டம் தருகிறது. அதை அறவே நீக்கிச் செய்த மல்லிகை மணம் துப்புரவாக இருக்கும், அவ்வளவுதான். அதற்குப் பெரும்பணம் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. எனவே, அந்தக் கனிந்த, சற்றே வாடிய சாயல் தமக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

அதற்கு, கடைத்தொகுதிகளுக்குப் போகுமுன் தேக்காவுக்குப் போவது நல்லது. பஃபலோ ரோட்டிலோ கேம்பல் லேனிலோ ஒரு முழம் மல்லிகைச் சரமும் சில நிலசம்பங்கிப் பூக்களும் வாங்கி, மொட்டு இறுகியிருக்கும்போது ஒருமுறையும், இரவில் இதழ் விரிந்தபின் ஒருமுறையும், மறுநாள் ஓரம் பழுப்பேறியபின் ஒருமுறையும் முகர்ந்து பாருங்கள். எந்த நிலையில் மீண்டும் முகரத் தோன்றுகிறதோ அதுவே உங்கள் அளவு. நிலசம்பங்கியின் இனிப்புக்கு அடியில் கோடாலித் தைலத்தின் காரம் தென்பட்டால் அது மூக்கின் பிழையன்று. மெத்தில் சாலிசிலேட் என்னும் பொருள் இரண்டிலும் உண்டு. பறித்த பின்னும் இவ்விரு பூக்களும் மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும், சூடேற்றி வடித்தாலோ மணம் கெட்டுவிடும் என்பதால்தான், பிரான்ஸின் கிராஸ் நகரில் முற்காலத்தில் அவற்றைக் கொழுப்பு தடவிய கண்ணாடியில் பரப்பி மணத்தை ஈர்த்தெடுத்தார்கள். இன்று கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுக்கிறார்கள். உலகப் புகழ்பெற்ற திரவியங்களுக்குத் தமிழ்நாட்டு மல்லிகையிலிருந்தும் சாறு போகிறது. கார்டீனியா மணம் மட்டும் பெரும்பாலும் பிற பொருள்களைக் கூட்டிக் கட்டியதே.

கடையில், இவ்வகையின் அளவுகோலாகப் பலரும் கருதும் ரொபேர் பிகே நிறுவனத்தின் ‘ஃப்ரகா’வை முதலில் கேளுங்கள். 1948-இல் வாசனை வல்லுநர் ஜெர்மேன் செல்லியே அமைத்த இது, வெண்ணெய் போன்ற வழவழப்புடன் வரும் நிலசம்பங்கி. 2005-இல் டொமினிக் ரோபியோன் அமைத்த ‘கார்னல் ஃப்ளவர்’ அதே பூவைப் பச்சைத் தண்டோடு காட்டுகிறது. நம் ஊர் வெப்பத்திற்கு நான் இதையே பரிந்துரைப்பேன். இவ்வகைக்குப் புதியவர்கள் 2017-இல் வந்த ‘குச்சி ப்ளூம்’ என்பதிலிருந்து தொடங்கலாம். மதுசாரம் வேண்டாதவர்களுக்குக் கம்போங் கிளாம் கடைகளில் மல்லிகை அத்தர் கிடைக்கும். எண்ணெய் என்பதால் அது தோலை ஒட்டியே நின்று மெல்ல மணக்கும்.

தாள் பட்டையில் முகர்வது வேண்டாதவற்றைக் கழிக்க மட்டுமே. பிடித்த இரண்டை மட்டும் மணிக்கட்டுக்கு ஒன்றாகப் பூசிக்கொண்டு, குளிரூட்டிய கடையை விட்டு வெளியேறி, ஒரு மணி நேரமாவது நடந்துவிட்டு வாருங்கள். பகலில் பெரும்பாலும் 31 முதல் 33 பாகை வரை ஏறும் வெப்பமும், அதனுடன் சேரும் ஈரப்பதமும் இம்மணத்தை ஊதிப் பெருக்கிவிடும். குளிரில் அடக்கமாகத் தோன்றியது பேருந்து நிறுத்தத்தில் எப்படி இருக்கிறது என்று பாராமல் பணம் கட்டாதீர்கள்.

பூசுவதில் சிக்கனம் வேண்டும். குளித்துத் துவட்டியதும் மணமற்ற களிம்பைத் தடவி, அதன்மேல் வயிற்றிலோ முழங்காலின் பின்புறத்திலோ ஒரே ஒரு முறை தெளித்து, காய்ந்தபின் உடுத்துங்கள். கழுத்தில் தெளித்தால் உங்கள் மூக்கு விரைவில் பழகி மரத்துப்போகும். மணம் போய்விட்டதென்று நீங்கள் மறுபடி தெளிக்க, காலை நேர எம்ஆர்டி பெட்டியில் பக்கத்தில் நிற்பவர் அவதிப்படுவார். பூத்திருக்கும் மாலைகளில் தெம்பூசு மரத்தின் மணம், மரம் கண்ணில் படுமுன்னே வந்துவிடும். 5 வெள்ளி நோட்டில் இடம்பெற்ற மரத்திற்கு அந்த உரிமை உண்டு, நமக்கில்லை. மருத்துவமனைக்கும் நேர்முகத் தேர்வுக்கும் இவ்வகை வேண்டாம். திருமண வரவேற்பு, தீபாவளி இரவு விருந்து போன்றவற்றுக்கு மிகப் பொருத்தம். ஆனால் தலையில் மல்லிகைச் சரம் இருக்குமானால் திரவியத்தை முழங்காலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பட்டுப்புடவையின் மேல் நேராகத் தெளித்தால் கறை படியக்கூடும்.

புட்டியைக் குளியலறையிலும் சன்னல் ஓரத்திலும் வைக்காமல், அதன் அட்டைப் பெட்டியிலேயே இட்டு, அலமாரியின் இருண்ட அடித்தட்டில் வையுங்கள்.