ஆபீஸ்ல ஃபேஸ்புக், இன்ஸ்டாவை எப்படி கட்டுக்குள்ள வைக்கிறது: நான் செஞ்சது

திருப்பூர்ல எங்க பனியன் யூனிட் ஆபீஸ்ல 14 பேரு. போன வருஷம் ஒரு தம்பி வாட்ஸப் ஸ்டேட்டஸ்ல, கடைக்கே இன்னும் வராத சாம்பிள் டி-ஷர்ட் போட்டோ போட்டுட்டான், நம்ம செஞ்சதுன்னு ஆசையா போட்டிருக்கான் பாவம், ஆனா ஆர்டர் குடுத்த பையர் ஆபீஸ்லருந்து போன் வந்தப்ப எனக்கு கை நடுங்கிருச்சு.

அதனால முதல் வேலை, ஒரு பக்கத்துக்கு விதி எழுதுங்க, தமிழ்லயே. "சோஷியல் மீடியா கூடாது"ன்னு மொட்டையா எழுதினா யாருக்கும் புரியாது. சாம்பிள், டெக் பேக் (டிசைன், அளவு எல்லாம் இருக்கற பேப்பர்), பையர் பேரு, ரேட், பேக்கிங் டேபிள் போட்டோ இதெல்லாம் ஸ்டேட்டஸ்ல ரீல்ஸ்ல வரக்கூடாதுன்னு பேர் சொல்லி எழுதணும். எல்லாரையும் உக்கார வெச்சு படிச்சுக்காட்டி கையெழுத்து வாங்குங்க. டீ டைம்ல அவங்க போன் பாக்கட்டும், அதுல தலையிடாதீங்க.

அடுத்து கம்ப்யூட்டர். ரூட்டர்ல டிஎன்எஸ்ஸை (வெப்சைட் பேரை வெச்சு அதோட நம்பரை தேடிக் குடுக்கறது) ஓபன்டிஎன்எஸ் கம்பெனியோட 208.67.222.222, 208.67.220.220ன்னு மாத்துங்க. ஓபன்டிஎன்எஸ் ஹோம்ல இலவச அக்கவுன்ட் திறந்து உங்க ஐபியை (இன்டர்நெட்ல உங்க ஆபீஸ் கனெக்‌ஷனோட நம்பர்) சேர்த்து, சோஷியல் நெட்வொர்க்கிங்ல டிக் போடுங்க. காசு குடுத்து வாங்குற சாஃப்ட்வேர் சின்ன ஆபீஸுக்கு தேவையே இல்லை.

நான் மாட்டுனது இங்கதான். ரெண்டு நாள் நல்லா பிளாக் ஆச்சு, மூணாவது நாள் காலைல எல்லாம் திறந்து கிடக்குது, டிஎன்எஸ் நம்பரை நாலு தடவை மாத்தி மாத்தி பாத்தேன், கடைசில பாத்தா ராத்திரி கரன்ட் போய் ரூட்டர் ஆஃப் ஆகி வந்ததுல ஐபி மாறியிருக்கு, நம்ம செட்டிங் பழைய ஐபிக்குத்தான் ஒட்டியிருக்கு. எப்பவும் ஓடிட்டிருக்கற ஒரு கம்ப்யூட்டர்ல ஓபன்டிஎன்எஸ் அப்டேட்டர் போட்டு விடுங்க, ஐபி மாறினா அதுவே ஓபன்டிஎன்எஸ்கிட்ட போய் சொல்லிரும். ரூட்டர்ல காட்டுற வான் ஐபி (பிராட்பேண்ட்காரங்க ரூட்டருக்கு குடுக்கற நம்பர்) 100.64லருந்து 100.127க்குள்ள ஆரம்பிச்சா, வெளிய தெரியற உங்க பப்ளிக் ஐபியை உங்களோட வேற வீடுகளும் பங்கு போடுது, அப்ப அப்டேட்டரும் உதவாது, பிராட்பேண்ட்காரங்ககிட்ட ஸ்டாட்டிக் ஐபி (மாறாத ஐபி) கேட்டு வாங்கிருங்க.

இன்ஸ்டா பேஜ் பாக்குற பொண்ணோட கம்ப்யூட்டர்ல மட்டும் டிஎன்எஸ் 8.8.8.8ன்னு (கூகுளோடது, இதுல பிளாக் இல்லை) தனியா போட்டேன். மத்தவங்களும் அப்படி மாத்திக்காம இருக்க விண்டோஸ்ல எல்லாருக்கும் ஸ்டாண்டர்ட் யூசர் (அட்மின் உரிமை இல்லாத அக்கவுன்ட்) குடுங்க.

வேலை செய்றவங்க சொந்த போன்ல வேவு பாக்குற ஆப் மட்டும் போடவே போடாதீங்க. 2017ல சுப்ரீம் கோர்ட்டே தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சொல்லியிருக்கு, அதைவிட நம்மளை நம்பி வர்றவங்க முகத்தை எப்படி பாக்குறது?

அப்டேட்: பிளாக் போட்டும் ஃபேஸ்புக் வருதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. குரோம் செட்டிங்ல செக்யூர் டிஎன்எஸ்ஸுக்கு வேற கம்பெனி வெச்சிருந்தா குரோம் ரூட்டர் டிஎன்எஸ்ஸை கண்டுக்காம அங்க போய் கேக்கும், அப்படித்தான் வரும், அதை ஆஃப் பண்ணுங்க. ஆண்ட்ராய்டு போன்ல பிரைவேட் டிஎன்எஸ்ஸும் இதே கதை. நான் போனை எல்லாம் ஆபீஸ் வைஃபைலருந்தே எடுத்துட்டேன், அவங்க டேட்டா அவங்களுக்கு.