பழைய இன்பேஜ் கோப்பிலிருந்து உருதுவை மீட்பது எப்படி

உருது அச்சகம் எதற்குள் போனாலும் ஒரு பழைய கணினியும் அதில் நூற்றுக்கணக்கான இன்பேஜ் கோப்புகளும் இருக்கும். 1994-இல் டெல்லியின் கான்செப்ட் சாஃப்ட்வேர் வெளியிட்ட, உருதுவில் பக்கம் வடிவமைக்கும் மென்பொருள் இது, பாகிஸ்தான் பத்திரிகைகள் வரை இதில்தான் பக்கம் கட்டின. இதன் இரண்டாம் வரிசைப் (2.x) பதிப்புகளில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீடு கிடையாது, தனக்கென்று ஒரு குறியீட்டு முறை. அதனால் அந்த எழுத்தை அப்படியே வேர்டில் ஒட்டினால் குப்பைதான் வரும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த தமிழோடு மல்லுக்கட்டியவர்களுக்கு விளக்கமே வேண்டாம்.

முதலில் கோப்பை நகல் எடுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். பழைய பதிப்பை விண்டோஸ் எக்ஸ்பி போட்ட மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஓட்டுவது நல்லது, அதை இணையத்தோடு இணைக்காமலே வையுங்கள். யாரோ அனுப்பிய இன்பேஜ் கோப்பென்றால் கட்டாயம் அப்படித்தான். இந்த மென்பொருளில் இருந்த ஓட்டை வழியாகத் தாக்குதல் நடந்ததை 2016-இல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. அசல் பதிப்பு டாங்கிள் (உரிமத்துக்காகக் கணினியில் செருகும் சிறு கருவி) கேட்கும், அதையும் தேடி வையுங்கள்.

திறந்ததும் மாற்றத்தில் இறங்காமல் எல்லாப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். பிற்பாடு மெய்ப்புப் பார்க்க இதுதான் ஆதாரம். பக்க வடிவமைப்பைக் காப்பாற்ற மெனக்கெட வேண்டாம், அதைப் புதிதாகக் கட்டிக்கொள்ளலாம்.

சரி, எழுத்துக்கு வருவோம். இன்பேஜ் 3 கிடைத்தால் அதில் திறந்து, உரைப்பெட்டிக்குள் கர்சரை வைத்து நகலெடுத்து வேர்டில் ஒட்டினால் யூனிகோடாகவே வரும். இல்லையென்றால் பழைய குறியீட்டை யூனிகோடாக்கும், உருது ஆர்வலர்கள் எழுதிய இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியை ஓட்டியதும் முதலில் எண்களைப் பாருங்கள், 1947 என்பது 7491 என்று திரும்பியிருக்கலாம். பல மாற்றிகளில் இதற்கென்றே ஒரு தேர்வு உண்டு. அடுத்து யே, காஃப், ஹே என்ற மூன்று எழுத்துகளும் உருதுக்குரிய குறியீட்டில் இருக்கின்றனவா, அரபிக்குரியதில் இருக்கின்றனவா என்று சோதியுங்கள். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், தேடினால் அகப்படாது.

உண்மையான தலைவலி இடைவெளிதான். உருதுவுக்கு வழக்கமான சரிவெழுத்து நடையான நஸ்தலீக்கில் அலிஃப், தால், ரே, வாவ் போன்ற எழுத்துகள் அடுத்த எழுத்தோடு சேராது, ஆகவே தட்டச்சு செய்தவர் அவற்றுக்குப் பின் இடைவெளி விடாமலே இரண்டு சொல்லை அடுத்தடுத்து அடித்திருப்பார், அச்சில் அது தெரியவே தெரியாது, யூனிகோடில் இரண்டும் ஒரே சொல்லாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எதிர்த்திசையிலும் நடக்கும்: ஒரே சொல்லின் இரண்டு பகுதிகள் சேர்ந்துவிடக் கூடாதென்று நடுவில் இடைவெளி போட்டிருப்பார், அங்கே அகலமில்லா இணைப்புத்தடையை (ZWNJ, இடம் எடுக்காமல் எழுத்துகள் சேர்வதை மட்டும் தடுக்கும் குறி) போட வேண்டும். எந்த மாற்றியும் இதை முழுசாகச் சரிசெய்யாது. உருது வாசிக்கத் தெரிந்தவர் பிடிஎஃபைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே ஆக வேண்டும், செலவுக் கணக்கில் முதலில் அவர் கூலியைச் சேருங்கள்.

எழுத்துருவுக்கு ஜமீல் நூரி நஸ்தலீக் போடுங்கள். 1981-இல் மிர்சா அகமது ஜமீல் அச்செழுத்து நிறுவனமான மோனோடைப்புக்காக உருவாக்கிய நூரி நஸ்தலீக்கின் சாயல் அது, பழைய வாசகருக்குப் பழகிய முகம். இணையத்துக்கென்றால் கூகிளின் நோட்டோ நஸ்தலீக் உருது போதும், ஆனால் வரிக்கு வரி இடைவெளியைத் தாராளமாக விடுங்கள், இல்லாவிட்டால் சரிந்து இறங்கும் எழுத்துகள் அடுத்த வரியில் போய் இடிக்கும்.